காய்ப்புழு வயித்துல எந்த ஜீனை அடிக்கிறது? டார்கெட் தேர்ந்தெடுக்குற வழி

பூச்சியியல்ல எம்எஸ்சி, பிஎச்டி சேர்ந்துட்டு "ஆர்என்ஏஐ வச்சு பச்சைக் காய்ப்புழுவோட செரிமான என்சைம் ஜீனை ஆஃப் பண்ணப் போறேன்"னு சினாப்சிஸ் எழுதி வச்சிருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். ஆர்என்ஏஐன்னா ரெட்டை இழை ஆர்என்ஏவை (டிஎஸ்ஆர்என்ஏ) உள்ள குடுத்து, ஒரு ஜீனோட செய்தி ஆர்என்ஏவை உடைச்சு அந்த ஜீனை அடக்குறது. கிட்டு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி படிங்க. ஏன்னா இதுல லேப் வேலைய விட எந்த ஜீனை எடுக்குறதுங்கிற முடிவுதான் பெரிய வேலை, அதைத்தான் பாதி பேர் ஒரே மதியத்துல "எது அதிகமா எக்ஸ்பிரஸ் ஆகுதோ அதை எடு"ன்னு முடிச்சுடுறாங்க. அதிகமா இருக்குற ஜீன் நல்ல டார்கெட்டா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, இந்தப் புழு விஷயத்துல பல நேரம் அது மோசமான டார்கெட்.

முதல்ல புழுவோட வயித்தைப் புரிஞ்சுக்கங்க. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா, நம்ம பக்கம் பருத்தில அமெரிக்கன் காய்ப்புழு, துவரை கொண்டைக்கடலைல பச்சைக் காய்ப்புழு, தக்காளில பழப்புழுன்னு ஒரே ஆளுக்கு ஊர்ப்பட்ட பேரு. அதோட நடுக்குடல் நல்ல காரம், பிஎச் 10க்குப் பக்கத்துல போகும். அந்தக் காரத்துல நல்லா வேலை செய்ற செரின் ப்ரோட்டீஸ்தான் (புரதத்தை வெட்டுற ஒரு என்சைம் வகை), அதாவது டிரிப்சினும் கைமோடிரிப்சினும், புரதச் செரிமானத்துல பெரும்பகுதியப் பாத்துக்குது. டிரிப்சின் ஆர்ஜினின், லைசினுக்கு அடுத்து வெட்டும், கைமோடிரிப்சின் ஃபினைல்அலனின், டைரோசின், லூசின் மாதிரி ஆளுங்களுக்கு அடுத்து வெட்டும். துண்டானதைக் கடைசியா அமினோபெப்டிடேஸ், கார்பாக்ஸிபெப்டிடேஸ் ரெண்டும் நறுக்கி முடிக்கும். மாவுச்சத்துக்கு அமிலேஸ், கொழுப்புக்கு லைபேஸ். இதே வண்டு இனத்துக்குப் போனா கதையே வேற, உருளைக்கிழங்குல வர்ற கொலராடோ வண்டு மாதிரி பல வண்டுகளுக்குக் குடல் லேசான அமிலம், அங்க சிஸ்டீன் ப்ரோட்டீஸ் அதாவது கேதெப்சின் வகைதான் முக்கியம். அதனால வண்டு பேப்பர்ல நல்லா வேலை செஞ்ச டார்கெட்டை அப்படியே தூக்கிட்டு வந்து புழு மேல போடாதீங்க.

அடுத்து ஜீன் லிஸ்ட் எடுக்கணும். இந்தப் புழுவோட ஜீனோம் 2017ல வந்துடுச்சு, சைஸ் கிட்டத்தட்ட 337 மெகாபேஸ், 17,000 சொச்சம் புரத ஜீன். புரத சீக்வென்ஸ் ஃபைலை என்சிபிஐ டேட்டாபேஸ்ல இருந்து இறக்கி, ஹெச்எம்எம்இஆர்ங்கிற தேடுற சாஃப்ட்வேர் வச்சு டிரிப்சின் டொமைன் மாடல், பிஎஃப்ஏஎம்ங்கிற புரதக் குடும்ப டேட்டாபேஸ்ல பிஎஃப்00089, அதை ஓட்டுங்க. நூத்துக்கணக்குல விழும், பயப்பட வேணாம், அதுல பாதிக்கு மேல செரிமானத்துக்கு சம்பந்தமே இல்லாததா இருக்கும், அதை வடிகட்டணும். கிளிப் டொமைன் இருக்கிறதை முதல்ல தூக்கிப் போடுங்க, அது ரத்தத்துல மெலனின் உருவாக்குற, நோய் எதிர்ப்பு வேலை பாக்குற கூட்டம். அப்புறம் சிக்னல் பெப்டைட் (புரதத்தைச் செல்லுக்கு வெளிய அனுப்புற முகவரிச் சீட்டு மாதிரி) இருக்கான்னு சிக்னல்பி சாஃப்ட்வேர்ல பாருங்க, குடலுக்குள்ள சுரக்குற என்சைமுக்கு அது கட்டாயம் வேணும். அப்புறம் ஹிஸ்டிடின் 57, அஸ்பார்டேட் 102, செரின் 195, இந்த மூணும் அதது இடத்துல இருக்கான்னு அலைன்மென்ட்ல கண்ணால பாருங்க (இந்த நம்பர் எல்லாம் மாட்டுக் கைமோடிரிப்சின் கணக்கு, உங்க சீக்வென்ஸ்ல எண் தள்ளி வரும்). செரின் மாறிப்போயிருந்தா அது வெட்டவே வெட்டாத ஹோமோலாக் (ஒரே வம்சத்து ஜீன்), பேரைப் பாத்து ஏமாறக் கூடாது. 189வது இடத்துல அஸ்பார்டேட் இருந்தா டிரிப்சின் மாதிரி நடக்கும்னு எடுத்துக்கலாம், டேட்டாபேஸ்ல ஆட்டோமேட்டிக்கா ஒட்டியிருக்கிற பேரை விட இந்த ஒரு எழுத்து நம்பகமானது.

வடிகட்டி முடிச்சதும் ஒரு ஃபைலோஜெனி மரம் (எந்த ஜீன் எதுக்கு நெருங்கின சொந்தம்னு காட்டுற வம்ச மரம்) போடுங்க, கூடவே ஒவ்வொரு ஜீனும் எந்தக் குரோமோசோம்ல எங்க உக்காந்திருக்குன்னும் குறிச்சுக்கங்க. பக்கத்துப் பக்கத்துல வரிசையா உக்காந்திருக்கிற காப்பிகள், அதாவது ஒரே ஜீன் பெருகிப் பெருகி வந்த கூட்டம், கண்டிப்பா கண்ணுல படும். இதுதான் இந்த வேலையோட மையச் சிக்கல். ஒரு ஆள் லீவு போட்டா பக்கத்து சீட் ஆள் ஃபைலை வாங்கிப் பாக்குற ஆபீஸ் மாதிரிதான் இந்தக் குடும்பம், ஒண்ண ஆஃப் பண்ணா வேலை நிக்காது.

இது ஊகம் இல்ல, இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு. 1972ல கிரீனும் ரயனும் தக்காளி, உருளை இலைய பூச்சி கடிச்சா செடியே ப்ரோட்டீஸ் இன்ஹிபிட்டர், அதாவது ப்ரோட்டீஸை வேலை செய்ய விடாம தடுக்குற புரதம், தயாரிக்குதுன்னு காமிச்சாங்க. 1987ல ஹில்டர் குழு தட்டைப்பயறுல இருக்கிற டிரிப்சின் இன்ஹிபிட்டர் ஜீனைப் புகையிலைல போட்டு புழுவைத் தடுத்தாங்க, அப்ப எல்லாரும் இனிமே மருந்தே வேணாம்ங்கிற ரேஞ்சுல பேசினாங்க. புழு விடுமா? 1995ல யோங்ஸ்மா குழு ஸ்போடோப்டெரா எக்ஸிகுவாங்கிற புழுல, இன்ஹிபிட்டர் தின்ன புழு அதுக்கு மசியாத புது டிரிப்சினைச் சுரந்து தப்பிக்குதுன்னு காட்டினாங்க. 1997ல பௌன் குழு நம்ம காய்ப்புழுவையே எடுத்து, குறைஞ்சது 28 செரின் ப்ரோட்டீஸ் ஜீன் இருக்கு, சோயா இன்ஹிபிட்டர் குடுத்தா சிலது இறங்குது சிலது ஏறுதுன்னு சொல்லிட்டாங்க. இன்ஹிபிட்டர் மட்டும் வச்ச செடி எதிர்பார்த்த அளவுக்கு வயலுக்கு வராததுக்கு இதுதான் பெரிய காரணம்.

ஆனா இந்தத் தோல்வியே உங்களுக்கு வழியும் காட்டுது. இன்ஹிபிட்டர் குடுத்தா எந்த ஜீன் மேல ஏறுதோ அது புழுவோட எமர்ஜென்சி ஆயுதம். அதை ஆஃப் பண்ணிட்டு அதே நேரம் இன்ஹிபிட்டரும் குடுத்தா புழுவுக்குத் தப்பிக்க இடம் குறையும். அதனால என் கருத்து, டார்கெட் தேடறது சாதா உணவு தின்ன புழுல இல்ல, இன்ஹிபிட்டர் தின்ன புழுல தேடணும்.

அதை எப்படிச் செய்றதுன்னா, கொண்டைக்கடலை மாவு போட்ட செயற்கை உணவுலயே புழுவை வளர்த்துக்கங்க. கல்ச்சர் வேணும்னா பெங்களூரு என்பிஏஐஆர் (தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம்) மாதிரி இடத்துல இருந்து வாங்கிட்டு ஆரம்பிக்கிறது நல்லது, வயல்ல பிடிச்ச புழுல ஒட்டுண்ணியும் புழுவைக் கொல்ற என்பிவி வைரஸும் சேர்ந்து வரும், வைரஸ் உள்ள வந்துட்டா மொத்த கல்ச்சரும் உருகிப் போயிடும். மூணாவது பருவத்துல இருந்து ஒரு குப்பிக்கு ஒரு புழுதான், சேத்து விட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும். நாலாவது பருவத்துக்கு வந்து தோலுரிச்சு ஒரே நாள் ஆன புழுவாப் பொறுக்கி ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒண்ணுக்கு சாதா உணவு, இன்னொண்ணுக்கு சோயா டிரிப்சின் இன்ஹிபிட்டர் கலந்த உணவு. சில மணி நேரத்துல ஒரு சாம்பிள், ஒரு நாள் கழிச்சு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு எடுங்க, ஏன்னா முதல்ல ஏறுறதும் கடைசி வரைக்கும் ஏறியே நிக்கிறதும் வேற வேற ஜீன், நமக்கு வேணுங்கிறது ஏறி நிக்கிறது. தோலுரிக்கப் போற புழுவை எடுத்துடாதீங்க, அந்த நேரத்துல அது தின்னாது, செரிமான ஜீன் எல்லாம் படுத்திருக்கும், உங்க டேட்டா பூரா ட்ரீட்மென்டைக் காட்டாம தோலுரிப்பைத்தான் காட்டும். ஒரு குரூப் தின்னு இன்னொரு குரூப் வெறுத்து தின்னாம இருந்தாலும் இதே கதிதான், அதனால கழிவு எடையையும் எழுதி வைங்க.

டிசெக்‌ஷன் ஐஸ் மேல. புழுவை ஐஸ்ல மயங்க வச்சு, குளிர்ந்த பஃபர்ல நீளவாக்குல திறந்து, கொழுப்புத் திசுவையும் மால்பீஜியன் குழாயையும் உரிச்சு எடுத்துட்டு, உள்ள இருக்கிற உணவை அந்த மெல்லிய பெரிட்ரோபிக் உறையோட சேத்து உருவிடுங்க. குடல் சாறு ஆர்என்ஏவை ரொம்ப வேகமா தின்னும், அதனால கழுவி உடனே டிரைசால்ங்கிற ஆர்என்ஏ பிரிக்கிற கரைசல்ல போடணும், டீ குடிச்சுட்டு வந்து போடலாம்னு இருக்கக் கூடாது. அதே புழு கூட்டத்துல கொஞ்சத்தோட குடல் சாறைத் தனியா எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வைங்க, என்சைம் அசேக்கு, அதாவது என்சைம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்குறதுக்கு, அது வேணும்.

ஆர்என்ஏ சீக் (எல்லா ஜீனோட ஆர்என்ஏவையும் ஒரே தடவைல படிக்கிறது) பண்ணக் காசு இருந்தா பண்ணுங்க. இல்லன்னா லிஸ்ட்ல இருக்கிற பத்து பதினஞ்சு ஜீனுக்கு கியூபிசிஆர் (ஒவ்வொரு ஜீனோட ஆர்என்ஏ அளவையும் தனியா அளக்குறது) போதும். ஆக்டின் ஒண்ணையே ரெஃபரன்ஸா (மாறாம நிக்கும்னு நம்பி ஒப்பிடுற ஜீனா) வச்சு ஓட்டாதீங்க, ஆர்பிஎல்32, ஆர்பிஎஸ்15, ஈஎஃப்1ஆல்ஃபா மாதிரி ரெண்டு மூணை உங்க ட்ரீட்மென்ட்லயே வச்சு எது ஆடாம நிக்குதுன்னு பாத்து எடுங்க. ப்ரைமர் எஃபிஷியன்சி 90ல இருந்து 110 சதவீதத்துக்குள்ள இருக்கணும். காப்பி ஜீன்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால ப்ரைமர் ரெண்டு மூணு ஜீனை ஒண்ணா பிடிச்சுட்டு உங்களுக்குப் பொய் சொல்லும், மெல்ட் கர்வ் ஒத்தை உச்சியா வந்தாலும் ஒரு தடவை சீக்வென்ஸ் பண்ணிப் பாத்துடுங்க.

இப்ப ஒரு பத்து ஜீன் கைல இருக்கும். இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, பிடி (பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவோட புழு கொல்ற புரதம்) பத்தின கேள்விய கேக்காம மேல போகாதீங்க.

பிடி புரோட்டாக்சின், அதாவது இன்னும் விஷமாகாத வடிவம், புழு வயித்துக்குள்ள போய், அங்க இருக்கிற டிரிப்சின் வகை என்சைம் அதை வெட்டினாத்தான் விஷமாகுது. க்ரை1ஏசி சுமார் 130 கிலோடால்டன்ல உள்ள போய் வெட்டுப்பட்டு 65 பக்கம் வந்து நிக்கும். அப்ப அந்த டிரிப்சினை நீங்களே ஆஃப் பண்ணிட்டா? பிடிக்கு எதிரா புழுவுக்கு நீங்களே கவசம் மாட்டி விட்ட மாதிரிதான். 1997லயே ஆப்பர்ட் குழு, இந்தியன் மீல் மாத் பூச்சில ஒரு குடல் ப்ரோட்டீஸ் இல்லாமப் போனதால பிடி எதிர்ப்பு வந்ததைக் காட்டியிருக்காங்க, காய்ப்புழுலயும் புரோட்டாக்சின் சரியா வெட்டப்படாததால க்ரை1ஏசி எதிர்ப்பு வந்தது பதிவாகியிருக்கு. அமினோபெப்டிடேஸும் இதே ஆபத்துதான், அது பிடி ஒட்டுற ரிசெப்டர் கூட. 2002ல ராஜகோபால் குழு புகையிலை வெட்டுப்புழுல, அதான் ஸ்போடோப்டெரா லிட்டுரால, அந்த ஜீனை ஆர்என்ஏஐல அடக்கினதும் புழு க்ரை1சிக்கு அசராம நின்னுது. 2002ல இருந்து பிடி பருத்தி விளையுற நாட்டுல, பிடி ஸ்ப்ரேயும் என்பிவியும் ஐபிஎம்ல (ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம்) சிபாரிசு பண்ற நாட்டுல, இந்த டெஸ்ட் இல்லாம டார்கெட் சொல்றது பொறுப்பில்லாத வேலைன்னுதான் நான் சொல்லுவேன். டெஸ்ட் ஒண்ணும் பெருசில்ல, ஜீனை அடக்கின புழுக்கும் கன்ட்ரோல் புழுக்கும் சேம் டோஸ் புரோட்டாக்சின் குடுங்க, ஆக்டிவேட் பண்ண டாக்சின் தனியா குடுங்க, நாலு குரூப்பையும் ஒப்பிடுங்க. புரோட்டாக்சின்ல மட்டும் சாவு குறைஞ்சா வெட்டுற வேலை கெட்டிருக்கு, ரெண்டுலயும் குறைஞ்சா ஒட்டுற இடம்தான் பிரச்சனையா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டுல எது நடந்தாலும் அந்த ஜீனை லிஸ்ட்ல இருந்து அடிச்சுடுங்க.

மிச்சம் நாலு அஞ்சு ஜீன் நிக்கும்னு வைங்க. டிஎஸ்ஆர்என்ஏ டிசைனுக்கு 200ல இருந்து 500 பேஸ் நீளம் வசதி. இங்க ரெண்டு எதிர் எதிர் ஆசை இருக்கு. குடும்பத்துல இருக்கிற பல காப்பியையும் ஒரே அடில அடிக்கணும், அதுக்கு எல்லாத்துக்கும் பொதுவான பகுதி வேணும், ஆனா பொதுவான பகுதின்னா அது அந்த வெட்டுற இடத்தைச் சுத்தின பகுதி, மத்த பூச்சிலயும் அதே மாதிரி இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. வழி என்னன்னா ஒவ்வொரு ஜீன்ல இருந்தும் தனித்தன்மையான துண்டு எடுத்து ஒட்டுத் துண்டா ஒரே டிஎஸ்ஆர்என்ஏ ஆக்கிடுறது. அப்புறம் அதை 21 பேஸ் துண்டு துண்டா கம்ப்யூட்டர்ல வெட்டி தேனீ, பட்டுப்புழு, கிரைசோபா, டிரைக்கோகிராமா மாதிரி நல்ல பூச்சிங்க சீக்வென்ஸோட ஒப்பிடுங்க, 19, 20 பேஸ் வரிசையா ஒத்துப்போனாலே அந்தத் துண்டை மாத்துங்க. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம்தான்ங்கிறதால அதுலதான் அதிகமா மாட்டும்.

தயாரிக்க டி7 கிட் இருக்கு, விலை கொல்லும். நிறைய வேணும்னா எச்டி115 பாக்டீரியாவும் எல்4440 பிளாஸ்மிடும். அந்த பாக்டீரியால ஆர்னேஸ் 3 இல்லாததால டிஎஸ்ஆர்என்ஏ உடையாம சேரும், சூட்டுல கொன்னு உணவு மேல தடவிடலாம்.

இப்ப கசப்பான விஷயம். அந்துப்பூச்சிப் புழுக்கள்ல ஆர்என்ஏஐ ஒரே மாதிரி வேலை செய்யாது. குடல் சாறுல டிஎஸ்ஆர்என்ஏவை உடைக்கிற நியூக்ளியேஸ் இருக்கு, பிஎச்சும் சாதகமா இல்ல, செல்லுக்குள்ள போனது கூட எண்டோசோம்லயே (செல் விழுங்கி வச்சிருக்கிற பைக்குள்ளயே) மாட்டிக்குது. ஆசியச் சோளத்தண்டுத் துளைப்பான்ல ஆர்என்ஏஐயைக் கெடுக்குறதுக்குன்னே ஒரு தனி நியூக்ளியேஸ் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால ஃபீடிங் ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட், ஃப்ரீஸ் பண்ணி வச்ச குடல் சாறை நீர்த்து டிஎஸ்ஆர்என்ஏவோட கலந்து 0, 10, 30, 60 நிமிஷத்துல எடுத்து அகரோஸ் ஜெல்ல ஓட்டுங்க. 10 நிமிஷத்துலயே பேண்ட் காணாமப் போனா வெறும் டிஎஸ்ஆர்என்ஏ குடுத்துப் பிரயோஜனம் இல்ல, கைட்டோசான் நானோபார்ட்டிகிள் மாதிரி ஒரு உறை போடணும், இல்லன்னா அந்த நியூக்ளியேஸ் ஜீனையும் சேத்து அடிக்கணும். செடிலயே உருவாக்கிக் குடுத்தாலும் வேலை நடக்கும்ங்கிறதுக்கு 2007லயே ஆதாரம் இருக்கு, பருத்தியோட விஷமான காசிபாலை புழு தாங்குறதோட சம்பந்தப்பட்ட சைட்டோகுரோம் பி450 ஜீனுக்கு எதிரான டிஎஸ்ஆர்என்ஏவை செடி வழியா குடுத்து சீனால இதே புழுவைத் தடுமாற வச்சாங்க.

கன்ட்ரோல்ல கை வைக்காதீங்க. தண்ணி மட்டும் ஒரு குரூப், ஜிஎஃப்பி (புழுல இல்லாத ஒரு ஜீன்) டிஎஸ்ஆர்என்ஏ ஒரு குரூப், ரெண்டும் கட்டாயம், ஏன்னா எந்த டிஎஸ்ஆர்என்ஏ உள்ள போனாலும் புழு உடம்பு கொஞ்சம் அசையும். கியூபிசிஆர் ப்ரைமர் டிஎஸ்ஆர்என்ஏ பகுதிக்கு வெளிய இருக்கணும், இல்லன்னா நீங்க ஊட்டின டிஎஸ்ஆர்என்ஏவையே அளந்துட்டு ஜீன் ஏறிடுச்சுன்னு உக்காந்திருப்பீங்க. அடக்கின ஜீனை மட்டும் அளக்காம பக்கத்துக் காப்பிகளையும் அளங்க, அங்க எது ஏறுதோ அதுதான் உங்க அடுத்த டார்கெட்.

ஆர்என்ஏ இறங்கினா போதாது, என்சைம் இறங்கணும். டிரிப்சினுக்கு பிஏபிஎன்ஏ சப்ஸ்ட்ரேட் (என்சைம் வெட்டுற பொருள்), மொத்த ப்ரோட்டீஸுக்கு அசோகேசின், பிஎச் 10 கிளைசின் பஃபர்ல. பலர் கிட்டுல வந்த பிஎச் 7.5, 8 பஃபர்லயே அளந்துட்டு ஆக்டிவிட்டி குறைவுன்னு எழுதிடுறாங்க, காரத்துல வேலை செய்ற என்சைமை அங்க அளந்தா அப்படித்தான் வரும். ஆர்என்ஏ 80 சதவீதம் இறங்கியும் ஆக்டிவிட்டி அப்படியே இருந்தா, ஒண்ணு பழைய என்சைம் இன்னும் மிச்சம் இருக்கு, இல்ல பக்கத்துக் காப்பி வேலையப் பாக்குது, ரெண்டு மூணு நாள் தள்ளி இன்னொரு தடவை அளந்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

புழு சாகும்னு எதிர்பாக்காதீங்க. செரிமான ஜீனை அடக்கினா பெரும்பாலும் எடை குறையும், வளர்ச்சி நாள் இழுக்கும், கூட்டுப்புழு சின்னதா இருக்கும், முட்டை குறையும். அதெல்லாம் எடுத்தாத்தான் கணக்கு, வெறும் சாவு எண்ணிக்கை மட்டும் போட்டா நல்ல டார்கெட்டைக் கூட குப்பைல போட்டுடுவீங்க. இன்னொண்ணு, செயற்கை உணவுல புரதம் கொட்டிக் கிடக்கும், பாதி என்சைம் போனாலும் புழு சமாளிச்சுடும், அதனால கடைசி டெஸ்ட் கொண்டைக்கடலை இலை, தக்காளி இலை, துவரைக் காய் மாதிரி நிஜச் செடில வைங்க. தக்காளில செடியோட சொந்த இன்ஹிபிட்டரே இருக்கிறதால நம்ம எமர்ஜென்சி ஆயுத ஐடியாவ சோதிக்க அது ரொம்ப வசதி, முந்தின நாளே இலையக் கொஞ்சம் காயப்படுத்தி வச்சீங்கன்னா இன்ஹிபிட்டர் இன்னும் ஏறியிருக்கும்.

கடைக்கு வந்திருக்கிறதைப் பாத்தா செரிமான என்சைம் ஜீன் இன்னும் அந்த லிஸ்ட்ல இல்லைங்கிறதும் உண்மைதான். அமெரிக்கால மக்காச்சோள வேர்ப்புழுக்கு வந்தது ஸ்னஃப்7 ஜீனை அடிக்குது, 2023 டிசம்பர்ல அனுமதி வாங்கின கலாந்தா ஸ்ப்ரே கொலராடோ வண்டோட ப்ரோட்டியாசோம் ஜீனை அடிக்குது. ரெண்டும் வண்டு, ரெண்டும் மாத்து ஆள் இல்லாத ஜீன். உங்க கைடு கேப்பாரு, அப்ப ஏன் செரிமான ஜீன்னு. செடி இன்ஹிபிட்டரோட, பிடியோட கூட்டாளியா பயன்படுத்தத்தான், தனியாளா கொல்றதுக்கு இல்லைனு சொல்லுங்க, கையில டேட்டாவும் இருக்கணும்.

மூணு வருஷத்துக்குள்ள தீசிஸ் முடிச்சே ஆகணும்னு இருக்கிறவங்க, சிவப்பு மாவு வண்டை வச்சு முதல்ல கை பழகுங்க. ஜீனோம் 2008லயே வந்தாச்சு, ஊசில குத்தினா ஆர்என்ஏஐ உடம்பு முழுக்கப் பரவும், வளர்க்க கோதுமை மாவு போதும். பயறு வண்டு எடுக்குறவங்க அமிலேஸ் பக்கம் போகலாம், ஆனா அங்க ஒரு பழைய கேஸ் இருக்கு, பீன்ஸோட அமிலேஸ் இன்ஹிபிட்டரைப் பட்டாணில போட்டு ஆஸ்திரேலியால பட்டாணி வண்டை அருமையா தடுத்தாங்க, 2005ல எலிக்கு நோய் எதிர்ப்பு ரியாக்‌ஷன் வந்ததுன்னு அந்தத் திட்டத்தையே நிறுத்திட்டாங்க, அதே இன்ஹிபிட்டர் மெக்சிகன் பீன்ஸ் வண்டுகிட்ட செல்லவும் இல்ல. திங்கிற தானியத்துல புரதம் சேக்குறதா, ஆர்என்ஏ மட்டும் வைக்குறதாங்கிற முடிவை இந்தக் கேஸைப் படிச்சுட்டு எடுங்க. எச்டி115ல கன்ஸ்ட்ரக்ட் போடுறதுக்கு முன்னாடியே உங்க காலேஜ் ஐபிஎஸ்சி-ல (நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு) எழுதிக் குடுத்துடுங்க, டிரான்ஸ்ஜெனிக் செடி பக்கம் போனா ஆர்சிஜிஎம் (மரபணு மாற்ற ஆய்வுக் குழு), வயலுக்கு விடணும்னா ஜிஈஏசி (மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு) வரைக்கும் போகணும், அந்த ஃபைல் நகர்றதுக்குள்ள புழு பல தலைமுறை ஓடிடும், அதனால கல்ச்சரை ரெண்டு தனி ரூம்ல பிரிச்சு வச்சுக்கங்க.